அம்மாவுக்கு நான் கொள்ளி வைக்கவில்லை. முதல் திதி வருகிறது, என்ன செய்யலாம்?

செந்தூல் கடைக்குட்டி
செவ்வாய், இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தன் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு கோலாலம்பூருக்கு வந்து செந்தூலில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். நான் கடைசி. வீட்டில் கிறிஸ்தவன் நான் ஒருவன்தான். 2009இல் ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்கு முன்னால் நான் குடித்துச் சீரழிந்த கதை இங்கே வேண்டாம். அம்மா ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. சனிக்கிழமை இரவானால் என் வெள்ளைச் சட்டைக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, நிலைக்கு மேலே ஆணியில் மாட்டி வைப்பார். காலையில் நான் ஆராதனைக்குக் கிளம்பும் நேரம் அவர் சாமி மேடையில் விளக்கேற்றிக்கொண்டிருப்பார். "பார்த்துப் போய்ட்டு வாடா" என்பார். பதினைந்து வருடம் இப்படித்தான் போனது.

போன அக்டோபரில் இறந்தார். எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பான். அன்று விடியற்காலையில் என் போதகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒன்றையும் தொடாதே. வாய்க்கரிசி போடாதே, குடம் எடுக்காதே. வெளியே நில், அதுதான் உன் சாட்சி" என்றார். அப்படியே செய்தேன். வீட்டில் கேட் ஓரம், கொட்டகையின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகனச் சாலையிலும் தள்ளித்தான் நின்றேன். என் மூன்றாவது அண்ணனுக்குத் தோள்பட்டை வலி உண்டு. தண்ணீர்க் குடத்தை அவர்தான் தூக்கிச் சுற்றினார். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடப் போட, தண்ணீர் அவர் முதுகு முழுக்க வழிந்தது. தாய்மாமன் திரும்பிப் பார்த்து, "கடைக்குட்டி எங்கடா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போதகரிடம், "என் அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன். "அது உனக்கே தெரியுமே" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் முதல் திதி. அக்கா போன் செய்து, "நீ வந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டோம்" என்றார். எனக்கு இரண்டு கேள்வி. அன்றைக்கு நான் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? அம்மா எங்கே? ஆறுதலுக்காக மட்டும் எதையும் சொல்லாதீர்கள். வேதத்தில் என்ன இருக்கிறது, நமக்கு முன்னால் சபையில் இருந்தவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள், அதைச் சொல்லுங்கள்.


ஒலிவமரம்
புதன், காலை 6.15

பிரதர், உங்கள் துக்கத்தில் நானும் பங்கெடுக்கிறேன். நான் சொல்வது கடுமையாகத் தெரிந்தால் மன்னியுங்கள்.

எங்கள் தாத்தா உடுக்கை அடிப்பவர். அப்பா இறந்த பதினாறாம் நாள் படையல் போட்டு, உடுக்கை அடித்து அழைத்தார்கள். என் சித்தப்பா மேல் இறங்கி, அப்பாவின் குரலில் பேசியது. சாராயம் கேட்டது, சுருட்டு கேட்டது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. பல மாதம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க முடியவில்லை. கிறிஸ்து என்னை எதிலிருந்து வெளியே கொண்டுவந்தார் என்று கேட்டால், முதலில் அந்தப் பயத்தைத்தான் சொல்வேன். ஆகவே, இதெல்லாம் வெறும் பண்பாடுதானே என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. 1 கொரிந்தியர் 10:20, 21 வாசியுங்கள். கர்த்தருடைய பந்தி, பேய்களுடைய பந்தி இரண்டிலும் உட்கார முடியாது என்கிறார் பவுல்.

சபை வரலாறு கேட்டீர்கள். நான்காம் நூற்றாண்டில், பிற்பாடு ஆயரான அகஸ்டினின் தாய் மோனிக்கா, ஆப்பிரிக்காவில் இருந்த வழக்கப்படி மிலான் நகரத்திலும் கல்லறைகளுக்குக் கஞ்சியும் ரொட்டியும் திராட்சரசமும் கொண்டுபோனார். ஆயர் அம்புரோஸ் அதைத் தடை செய்திருந்தார். முன்னோருக்குப் படைக்கும் ரோமர் சடங்கைப் போலவே இருக்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். மோனிக்கா வாதாடவில்லை. கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அகஸ்டினே இதை எழுதிவைத்திருக்கிறார்.

"என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்ற யோவான் 14:6ஐ நாம் அழிக்க முடியாது. உங்கள் அம்மா எங்கே என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் வேதம் திறக்காத கதவை நாமாகத் திறக்கவும் கூடாது.


பழைய கிராணி
புதன், காலை 9.50

தம்பி, பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மெதடிஸ்ட் சபை. தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன லயத்து வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

முதலில் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை எடுங்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான், எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி செய்து, குஷ்டம் நீங்கிச் சுத்தமாகிவிட்டான். இனி கர்த்தரைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிட மாட்டேன் என்கிறான். உடனே ஒரு தயக்கம் வருகிறது. என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் பணிந்துகொள்ளப் போகும்போது என் கையில்தான் சாய்ந்துகொள்வார். அவரோடு நானும் குனிய வேண்டியிருக்கும். இந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக, என்று கேட்கிறான். எலிசா, "குனியாதே" என்றும் சொல்லவில்லை, "தாராளமாகக் குனி" என்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்றான். அவ்வளவுதான் பதில். ஐம்பது வருடமாக இந்த இடத்தை வாசித்து வருகிறேன். எலிசா ஏன் சட்டம் போடவில்லை? ராஜா நாகமானின் கையில் சாயும்போது அந்தக் கையை விலக்கிக்கொள்ளச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது ஆதியாகமம் 50. யாக்கோபு எகிப்தில் இறக்கிறான். யோசேப்பு எகிப்திய வைத்தியர்களை அழைத்துத் தகப்பன் உடலுக்குச் சுகந்தவர்க்கம் இடச் சொல்கிறான். நாற்பது நாள் அந்த வேலை நடக்கிறது. எகிப்தியர் எழுபது நாள் துக்கம் கொண்டாடுகிறார்கள். எகிப்தில் பிரேதத்துக்குச் செய்யும் எதுவும் அவர்கள் தெய்வங்களை விட்டுத் தனியாக இருந்ததில்லை. யோசேப்பு குற்றம் செய்தான் என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இறப்பதற்கு முந்தின வருடம், 1790இல், ஒரு பிரசங்கத்தில் இதைத் தொட்டார். புறமதத்தாரையும் முகமதியரையும் மொத்தமாக நரகத்துக்குத் தீர்க்கும் உரிமை உயிரோடிருக்கும் எந்த மனிதனுக்கும் இல்லை, அவர்களைப் படைத்தவரிடமே விட்டுவிடுவது மேல், அவர் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல அவர்களுக்கும் தேவன், தாம் உண்டாக்கிய எதையும் அவர் வெறுப்பதில்லை என்ற கருத்தைச் சொன்னார். குதிரையில் ஊர் ஊராகப் போய், மனந்திரும்புங்கள் என்று ஆயுசு முழுக்கப் பிரசங்கித்த மனிதர் எண்பத்தேழு வயதில் சொன்னது இது. சுவிசேஷத்தில் அனல் குறைந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

உங்கள் போதகர் "உனக்கே தெரியுமே" என்றாரே, அங்கேதான் எனக்கு வருத்தம். அவருக்கு அது தெரியாது.


மெர்தாஜாம் அக்கா
புதன், மதியம் 1.20

தம்பி, நான் கத்தோலிக்கப் பெண். அப்பா வழி முழுக்க இந்துக்கள். உங்கள் பதிவை வேலை இடத்தில் வாசித்துவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில் நம் ஆட்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், 1545இல் மலாக்காவுக்கு வந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் 1549இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே விசுவாசத்துக்கு வந்தவர்கள் அவரிடம் கேட்டது நீங்கள் கேட்ட இதே கேள்விதான். எங்கள் அப்பா அம்மா, செத்துப்போன எங்கள் பிள்ளைகள் எல்லாரும் எங்கே? நரகத்திலிருந்து மீட்பே இல்லையா? நாங்கள் தானம் செய்தால், ஜெபித்தால் பயன் உண்டா? அந்தக் காலத்துப் போதனைப்படி, இல்லை என்றுதான் அவர் பதில் சொன்னார். அவர்கள் அழுதார்கள். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இவ்வளவு அன்பானவர்கள் இப்படி அழுவதைப் பார்க்கும்போது தமக்கும் கண்ணீரை அடக்குவது கஷ்டமாக இருக்கிறது என்று எழுதுகிறார். அதே வருடக் கடைசியில் அவரும் இறந்துபோனார். அவர் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து சில மாதம் புதைத்து வைத்திருந்தார்கள். அந்த மலைமேல் அவர் கிடந்த குழி இன்னும் இருக்கிறது, மேலே கம்பி வலை போட்டிருக்கும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாம் எல்லாரும் அதைச் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர்கள்தான். அந்தக் கண்ணீர்க் கதையை எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு நானூறு வருடத்துக்கு மேல் திருச்சபை அந்தக் கேள்வியைச் சுமந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், தங்கள் குற்றம் இல்லாமல் கிறிஸ்துவை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சியின் குரல்படி நடந்தால் அவர்களும் மீட்பு அடைய முடியும் என்று எழுதியது. 1965இல் இன்னொரு ஏட்டில், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழியில் தூய ஆவியார் எல்லாருக்கும் கிறிஸ்துவின் பாஸ்காவில், அதாவது அவருடைய சாவிலும் உயிர்ப்பிலும், பங்குபெற வாய்ப்பு அளிக்கிறார் என்றது. அந்த "கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழி" என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் திருச்சபைச் சட்டத்தில் 901ஆம் எண்ணைப் பாருங்கள். குருவானவர் உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பூசைக்கருத்து உறையில் வருடா வருடம் என் அப்பாயி பெயரை எழுதுகிறேன். முதல் தடவை எழுதும்போது கை நடுங்கியது. அவருடையது ஒரு அம்மன் பெயர். உறையை வாங்கிய அலுவலகத்துப் பெண், "எழுத்து சரியா பாருங்க, ஃபாதர் வாசிக்கும்போது தப்பாகக்கூடாது" என்றார். பூசையில் ஃபாதர் அந்தப் பெயரை முழுதாக வாசித்தார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இங்கே வந்தால் என்னோடு சேர்ந்து ஒரு மெழுகுத்திரி கொளுத்தலாம். உங்கள் சபையில் இது வழக்கம் இல்லை என்று தெரியும். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது, கூப்பிட்டுவிட்டேன்.


கேள்விக்காரி
புதன், இரவு 8.05

எல்லாருக்கும் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், நான்காவது தலைமுறை. என் நெருங்கிய தோழிகள் எல்லாரும் சைவர்கள்.

கடைக்குட்டி அண்ணனின் அம்மா தினமும் விளக்கேற்றினார். அவர் ஏதோ தெரியாமல் வழி தவறிப்போனவர் இல்லை. அவருக்கு ஒரு விசுவாசம் இருந்தது. சிவனடி சேர வேண்டும், குலதெய்வம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பியிருப்பார். நாம் எல்லாரும் இங்கே உட்கார்ந்து, அவரை நம் சொர்க்கத்துக்குள் எப்படி அனுமதிப்பது என்று பேசுகிறோம். கார்ல் ரானர் என்ற ஜெர்மன் இறையியலாளர், பெயர் அறியாமலே கிறிஸ்தவராக வாழ்பவர்கள் உண்டு என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என் தோழி ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ உனக்கே தெரியாத சைவப் பெண்" என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அவளைக் கேட்காமல் அவளுக்குப் பெயர் வைக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. எல்லாரும் எப்படியும் போய்ச் சேர்வார்கள் என்றால், அண்ணன் அந்தக் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது எதற்காக?


நெறியாளர்
புதன், இரவு 8.40

போதகர் யார், எந்தச் சபை என்று மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கே பேச வேண்டாம். விஷயத்தைப் பேசுங்கள்.


லூத்தரன் பிள்ளை
வியாழன், இரவு 12.30

பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவன். கேள்விக்காரி கேட்டதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மத்தேயு 25இல் வலது பக்கம் நிற்பவர்கள் ராஜாவிடம், "ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியாது. பசித்தவனுக்குச் சோறு போட்டது தெரியும், அவர் பெயர் தெரியாது. அவரும், நீங்கள் உண்மையில் என் ஆட்கள்தான் என்று முன்கூட்டியே அவர்களுக்கு முத்திரை குத்தவில்லை. கடைசியில் அவரே சொல்கிறார். ஆகவே சகோதரி சொல்வது சரி, அந்தப் பெயரை வைக்கும் வேலை நமக்கு இல்லை. அதே சமயம், கிறிஸ்து எல்லாருக்கும் ஆண்டவர் என்று நான் உண்மையாக நம்பினால், ஒரு பெண் விளக்கேற்றும்போது அவர் அந்த வீட்டுக்கு வெளியே நிற்கிறார் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இது அவர்கள் விசுவாசத்தைப் பற்றிய பேச்சு இல்லை, அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றிய பேச்சு.

"எதற்காக நின்றது" என்ற கேள்விக்குக் கடைக்குட்டி அண்ணனே பதில் எழுதியிருக்கிறார். குடியிலிருந்து மீண்டார். இரட்சிப்பு என்றால் செத்த பிறகு கிடைக்கும் அனுமதிச் சீட்டு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கேள்வி எழும்.

விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் "பாதாளத்தில் இறங்கினார்" என்று சொல்கிறோம். சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறோம். கீழைத் திருச்சபைகளில் உயிர்த்தெழுதலுக்கு வரையும் படமே அதுதான். இஸ்தான்புல்லில், முன்பு தேவாலயமாக இருந்த கோரா என்ற பழைய கட்டடத்தின் சுவரில் ஒன்று இருக்கிறது. உடைந்த கதவுகள் காலடியில் கிடக்கின்றன. கிறிஸ்து ஒரு பக்கம் ஆதாமையும் மறு பக்கம் ஏவாளையும் கல்லறைப் பெட்டிக்குள்ளிருந்து இழுத்து எடுக்கிறார். கவனித்துப் பாருங்கள், அவர் பிடித்திருப்பது மணிக்கட்டை. உள்ளங்கையைக் கோத்துப் பிடித்தால் பிடிப்பில் இருவருக்கும் பங்கு உண்டு. மணிக்கட்டைப் பிடித்தால் இழுப்பவர் பலம் மட்டும்தான். காவலிலுள்ள ஆவிகளுக்கும் மரித்தவர்களுக்கும் பிரசங்கிக்கப்பட்டது என்று வரும் 1 பேதுரு 3:19, 4:6 வசனங்களுக்கு என்ன அர்த்தம் என்பதில் ஆரம்பத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு, லூத்தரே தயங்கியிருக்கிறார். அதை வைத்து ஒரு உபதேசம் கட்ட மாட்டேன். ஆனால், செத்தவர்கள் இருக்கும் இடம் அவர் கால் படாத இடம் என்று யாராவது சொன்னால், நம் பிரமாணத்தில் அப்படி இல்லை என்று சொல்வேன்.

இனி திதி அன்று என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சடங்கு" என்று பேர் வைத்துவிட்டால் யோசிக்கவே முடியாது. பாடையைச் சுமப்பது வேறு, படையலுக்கு முன்னால் விழுந்து கும்பிடுவது வேறு, அடுப்படியில் காய் நறுக்குவது வேறு, படத்துக்கு மாலை வாங்கி வருவது வேறு. சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோர் பலகைக்கு முன்னால் தலை குனியலாமா என்று ரோமில் நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். 1742இல் போப் கூடாது என்று முடித்தார். 1939இல் ரோமே, இறந்தவர் படத்துக்கு முன்னால் தலை வணங்குவது மரியாதைதான், செய்யலாம் என்றது. இடையில் எத்தனை மகன்கள் தகப்பன் சாவில் தள்ளி நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

எங்கள் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1708இல் கொன்றை வேந்தனை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அதன் முதல் வரி எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.


ஒலிவமரம்
வியாழன், காலை 6.40

இரவு எல்லாப் பதிவையும் இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது கேள்வியில் நான் இன்னும் மாறவில்லை. வெஸ்லி சொன்னதை ஏற்கிறேன், தீர்ப்பு நம்முடையது இல்லை. ஆனால் நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கும் நிச்சயம் என்பதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது.

அம்புரோஸ் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அது நேர்மையில்லை. மோனிக்கா கூடையைத் திருப்பிக்கொண்டு போனதோடு கதை முடியவில்லை. அந்தக் கூடையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். 387இல் ஒஸ்தியா துறைமுகத்தில் இறக்கும்போது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், கர்த்தருடைய பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகனிடம் சொன்னார். அகஸ்டின் அடக்கத்தின்போது அழக்கூடாது என்று தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் தனியாகப் படுக்கையில் அழுதார். அதையும் அவரே எழுதியிருக்கிறார்.

என் சித்தி, அப்பாவுக்குப் பிறகு என்னை வளர்த்தவர், நான்கு வருடம் முன்னால் இறந்தார். நான் கொள்ளி வைக்கவில்லை, இப்போதும் வைக்க மாட்டேன். எனக்கு அந்த உடுக்கைச் சத்தம் இன்னும் கேட்கிறது. ஆனால் பாடையின் முன் பக்கத்து மூங்கிலை வழி முழுக்க நான்தான் சுமந்தேன். யாருக்கும் தோள் மாற்றிக் கொடுக்கவில்லை. ஐயர் தட்சிணையிலிருந்து வேன் வாடகை வரை நானே கட்டினேன். பிரதர், உங்களிடம் அன்றைக்கு "வெளியே நில்" என்று சொன்னதற்குப் பதில் "கீழே போய்ப் பாடையைப் பிடி" என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். என் முதல் பதிவில் நானும் அதைச் சொல்லவில்லை.


கேள்விக்காரி
வியாழன், காலை 10.10

ஒலிவமரம் அண்ணா, நன்றி. எனக்கு உடுக்கைச் சத்தம் தெரியாது. தெரியாமல்தான் "பண்பாடு" என்று சுலபமாகப் பேசிக்கொண்டிருந்தேன். படைத்ததைச் சாப்பிடலாமா என்று பேசும் 1 கொரிந்தியர் 8இல் பலவீனமான மனசாட்சி என்று வரும்போதெல்லாம் அதை ஏதோ குறையாக வாசித்தேன். அது ஒரு காயம் என்று இப்போதுதான் புரிகிறது.

பெயர் வைப்பது பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. லூத்தரன் பிள்ளை அண்ணன் சொன்னது பாதி போதும், பாதி போதவில்லை.


பழைய கிராணி
வியாழன், மாலை 5.30

கடைக்குட்டித் தம்பி, ஒரு சின்ன விஷயம். திதிக்கு முன்னால் உங்கள் தாய்மாமனைத் தனியாகப் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம் ஆதியாகமம் 18:25. ஆபிரகாம் சோதோமுக்காக நின்று கேட்கிறான். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" அந்த ஊரில் இருந்தவர்கள் கர்த்தரைத் தொழுகிறவர்கள் இல்லை. அவர்களுக்காகவும் ஆபிரகாம் முகத்துக்கு நேரே பேரம் பேசலாம் என்றால், பெற்ற தாய்க்காக நீங்கள் பேசலாம்.


செந்தூல் கடைக்குட்டி
ஞாயிறு, இரவு 10.15 (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் பதில் எழுத நாளாகிவிட்டது. திதி நேற்று முடிந்தது.

கிராணி ஐயா சொன்னபடி முதலில் மாமாவைப் பார்க்கப் போனேன். ஜின்ஜாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். "மாமா, அன்றைக்கு நான் கேட் பக்கத்தில்தான் நின்றேன்" என்றேன். "தெரியும்டா, பார்த்தேன்" என்றார். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அம்மா என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கா. கடைசிப் பையன் வர முடியாது, அவனை யாரும் திட்டக்கூடாதுன்னு. நான்தான் அந்த நேரத்துல மறந்துட்டுக் கேட்டுட்டேன்" என்றார். அம்மா எல்லாவற்றையும் முன்னாடியே யோசித்து வைத்திருக்கிறார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

நேற்று விடியற்காலையில் செந்தூல் பசாருக்குப் போய் வாழை இலை, பூ, காய்கறி எல்லாம் நான்தான் வாங்கினேன். அக்கா வீட்டில் தேங்காய் துருவினேன், வாழைக்காய் நறுக்கினேன். அம்மா படத்துக்கு மாலை போட்டேன், தலை குனிந்து நின்றேன். விழுந்து கும்பிடவில்லை. பிண்டம் அண்ணன் வைத்தார். அப்போது நான் அதே அறையில், அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். ஒலிவமரம் பிரதர், உங்கள் மூங்கில் ஞாபகம் வந்தது.

எல்லாம் முடிந்ததும் மாமா, "நீ உன் முறைப்படி ஒரு ஜெபம் பண்ணு" என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. என்ன ஜெபித்தேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. ஆபிரகாம் கேட்டதைக் கேட்டேன். அம்மா போட்ட இஸ்திரிக்கு நன்றி சொன்னேன். அங்கே எனக்குக் குரல் போய்விட்டது.

சாப்பாடு வந்தது. நாள் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், படைத்ததைச் சாப்பிடலாமா, வேண்டாம் என்றால் அக்கா மனம் நோகுமே என்று. உட்காரும்போது அக்கா அடுப்படியிலிருந்து மூடி வைத்த ஒரு இலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "படைக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு எடுத்து வெச்சிட்டேன்" என்றார். அக்கா கொரிந்தியர் நிருபத்தை வாசித்தவர் இல்லை.

போதகரிடம் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும், கோபத்தோடு பேசக்கூடாது என்று காத்திருக்கிறேன். அம்மா எங்கே என்ற கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் இன்னும் வருகிறது. ஆனால் "உனக்கே தெரியுமே" என்ற பதிலோடு வருவதில்லை.

மெர்தாஜாம் அக்கா, ஈ.டி.எஸ். ரயிலில் டிக்கெட் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு நான் எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்? மெழுகுத்திரி நான் வாங்கி வரவா, அங்கேயே கிடைக்குமா?